வரைபடத்தில் வெள்ளையாக இருந்த இடம்

ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் கேட்டியில், பிரபு புதுவீட்டில் பால் காய்ச்சியபோது எங்கள் பழைய லேஅவுட் குழுவிலிருந்து வந்திருந்தது சுதாவும் நானும். வராதவர் முருகேசன் அண்ணன். அவர் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பதற்காகவே சுதா கேசரியை மூன்று தடவை புகழ்ந்தாள். கை கழுவும் சாக்கில் கராஜுக்குள் போனேன். தரைக்கு முந்தின நாள்தான் பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்த வாடை இரும்புத் தகட்டுக்கு அடிக்கும் சிவப்பு ப்ரைமரின் வாடை மாதிரியே இருந்தது. யார்டு வாசலில் கார் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அது.

யார்டு என்றால் கப்பல் கட்டும் யார்டு. டெக்சாஸ் கடற்கரையில் ஒரு கால்வாய் ஓரம், ஒடுக்கமான நிலம். அதற்கு வரைபடம் போடும் வேலை ஹூஸ்டனில் பிரபு, சுதா, அண்ணன், நான் என்று எங்கள் நாலு பேருக்கு. எனக்கு அது முதல் வேலை. ஒருநாள் பாஸ் பழைய ஜெர்மன் யார்டு ஒன்றின் வரைபடங்களைச் சுருளாகக் கொண்டுவந்து மேசையில் போட்டார். அவர்களுக்கும் இடம் போதாது, பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார்.

ஒரே யார்டு, வெவ்வேறு காலத்துப் படங்கள். மரக்கப்பல் காலத்தில் ஆற்றங்கரையில் கப்பலைக் கட்டித் தண்ணீரில் சரியவிடும் மேடை இரண்டு, நாலைந்து கொட்டகை, அவ்வளவுதான். அடுத்த படத்தில் இரும்பு வந்துவிட்டது. ரயில் தண்டவாளம் உள்ளே நுழைந்துவிட்டது. கப்பல் நீள நீள, நேரே விட்டால் எதிர்க்கரையில் முட்டும் என்று மேடைகளை ஆற்றுக்குச் சாய்வாகத் திருப்பியிருந்தார்கள். தகடு ஒரு முனையில் இறங்கி, வெட்டுப்பட்டு, வளைந்து, துளைபட்டு, மறுமுனையில் கப்பலாக வெளியேறும். பக்கத்துத் தெரு வீடுகள் படத்துக்குப் படம் குறைந்துகொண்டே வந்தன. யார்டு தின்றுவிட்டது.

எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து என் ரூம் சுவரில் ஒட்டினேன். "பொண்ணு போட்டோ ஒட்டுற வயசுல இதென்னடா?" என்றான் ரூம்மேட். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். தாளில் இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புவது எனக்கு ஒரு வியாதி.

பழைய படங்களில் மேடைகளுக்கு நடுவே அகலமான வெள்ளை இடம் ஒன்று இருந்தது, ஆட்கள் நடப்பதற்கு. அது படத்துக்குப் படம் ஒடுங்கி, கடைசியில் காணாமலே போயிருந்தது. கிரேன் தண்டவாளம் மட்டும்தான். ஏதோ ரகசியத்தைக் கண்டுபிடித்த மாதிரி துள்ளினேன். எங்கள் யார்டில் தகட்டுக் கிடங்குக்கும் கிரேன் பாதைக்கும் நடுவில் விட்டிருந்த நடைபாதையை அழித்துவிட்டேன்.

எங்கள் படங்களைச் செக் பண்ணுவது முருகேசன் அண்ணன். கரூர்க்காரர், என்னைவிட எட்டு வயது மூத்தவர்.

"ஏப்பா, ஆளு எங்க நடப்பான்?"

"வடக்கு கேட் வழியா சுத்தி வரலாம்ணா."

"இந்த வெயில்ல எவன் சுத்துவான்? நீயே ஜிம்முக்குக் கார்ல போறவன்."

"ஜெர்மன்காரனே தூக்கிட்டான்ணா. அதுவும் அந்தக் காலத்துலயே."

பாஸுக்கு என் வாதம் பிடித்துப்போயிற்று. அண்ணன் தன் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்தார். மீட்டிங்கில் அதை யாரும் படிக்கவில்லை. யார்டு எழும்பியதும் சைட் வேலைக்கு அவரையே அனுப்பினார்கள்.

கட்டி முடித்த யார்டை முதல்முறை போய்ப் பார்த்தேன். தாளில் இரண்டு கோடாக இருந்த கிரேன் நேரில் நாலு மாடி உயரம். அதன் சக்கரத்துக்கும் கிடங்குச் சுவருக்கும் நடுவில், தோள் உரச, ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர்கூடச் சுற்றிப் போகவில்லை. கிரேன் நகரும்போது அடிக்கும் மணி, தகடு அறுக்கும் சத்தத்தில் கேட்கவே இல்லை.

"பாத்துக்கிட்டியா?" என்றார் அண்ணன்.

தலையாட்டினேன். ஆபீஸில் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் எனக்குச் சம்பள உயர்வுக்கான ரிவ்யூ இருந்தது. சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, சுதா என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணனோட கால்..." என்றாள். கையிலிருந்த செக்லிஸ்டைப் பார்த்தபடி அந்தச் சந்தில் நடந்தவரின் இடது பாதத்தில் கிரேன் சக்கரம் ஏறியிருந்தது.

அன்று மாலை பாஸ் அறையில் அந்தச் சுருளைப் பிரித்து ஒரிஜினலைப் பார்த்தேன். கடைசிப் படத்தில், மேடைகளுக்கு நடுவே, மிக மங்கலாக, விட்டு விட்டு ஒரு கோடு ஓடியது. தலைக்கு மேலே இருப்பதை அப்படித்தான் வரைவார்கள்; முதல் வருஷப் பாடம். மேடைகளுக்கு மேல் இரும்புச் சட்டம் எழுப்பி, ஆட்கள் நடக்க அதில் பாலம் போட்டிருக்கிறார்கள். என் ஜெராக்ஸில் அந்தக் கோடு விழவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப ஜெர்மன்காரன் ஆள மேல ஏத்திட்டான். நீ எங்கயுமே ஏத்தலையேப்பா," என்று சிரித்தார். அவர் மனைவி கவிதா அக்கா சிரிக்கவில்லை. "டஸ் இட் ஹர்ட், அப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள் மகள்.

கட்டு பிரித்த பிறகும் அவரால் சைட்டில் நடக்க முடியவில்லை. ஆபீஸில் அவருக்கு இடம் இல்லை என்றார்கள். விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் வேறு வேலை தேட அறுபது நாள்தான், கிடைக்காவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். வாக்கரை ஊன்றிக்கொண்டே மூன்று இன்டர்வியூவுக்குப் போனார்.

அந்த யார்டும் இப்போது இல்லை. ஆர்டர் வராமல் மூடி, கிரேனைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். விற்காத பிக்கப் டிரக்குகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. எங்கள் குழு கலைந்துவிட்டது. அந்தச் சுருள் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. எனக்கு அந்த ரிவ்யூவில் நல்ல பெயர் கிடைத்தது. அண்ணன் குடும்பத்துக்கு ஆன செலவு: பாதிப் பாதம், க்ரீன் கார்டு வரிசையில் நின்ற ஒன்பது வருஷம், கோயம்புத்தூருக்கு மூன்று டிக்கெட், ஒரு வழி மட்டும்.