மாமாவிடம் எட்டு போட்டவர்கள்

முப்பது வருடம் டிரைவிங் லைசென்சுக்கு டெஸ்ட் வைத்த அதிகாரி என் மாமா. அவரிடம் முதல் தடவையே பாஸானவர்கள் அரிது. சொந்த அக்கா மகள் நானே மூன்றாம் தடவைதான் தேறினேன். இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் மனிதர் திருந்தவில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள ஹோம் கேர் ஏஜென்சி தேடினேன். ஆள் வந்ததும் கூடத்தில் இரண்டு பக்கெட்டுகளை வைக்கச் சொல்லி, "என்னை வச்சுத் தள்ளி எட்டு போட்டுக் காட்டுங்க" என்பார்.

முதல் ஏஜென்சி அனுப்பியவர் பக்கெட்டை இடித்தார். இரண்டாவது ஏஜென்சிக்காரர் அழகாக வளைத்தார், ஆனால் கடைசியில் பிரேக் போட மறந்தார்.

"பெயில்! பத்து நாள் கழிச்சு வாங்க."

"மாமா, உங்களைப் பார்த்துக்க ஆள் தேடறோமா, இல்ல லாரிக்கு டிரைவர் தேடறோமா?" என்று கத்தியே விட்டேன்.

மூன்றாவதாக வந்த அம்மாள் நாற்காலிக்கு பிரேக் போட்டுவிட்டு, மருத்துவச் சீட்டை வரி விடாமல் படித்தார்.

"தினமும் நடக்கணும்னு டாக்டர் எழுதியிருக்காரே! அப்ப எட்டு போட வேண்டியது நீங்கதான். கையைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிங்க."

மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒரு பக்கெட்டைச் சுற்றுவதற்குள் மூச்சு வாங்கியது. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

"பாதிதான் வந்திருக்கு. பெயில்," என்றார் அந்த அம்மாள். "நாளைக்குக் காலையில மறுபடி டெஸ்ட்."

மற்ற ஏஜென்சிகளின் எண்களை அப்போதே போனிலிருந்து அழித்தேன்.

தன் வீட்டுக் கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமா, மெதுவாகக் கேட்டார்: "எத்தனை மணிக்கு வரணும்?"