மாமனாரைத் தூக்குவதா, விட்டுவிட்டுப் போவதா

1. மாலதி அழ மாட்டாள்

டிவி சீரியலுக்கு வசனம் எழுதிப் பல வருடம் பிழைத்தவள் நான். யார் எப்போது அழ வேண்டும், எந்தக் கதவுக்குப் பின்னால் யார் நின்று ஒட்டுக்கேட்க வேண்டும் என்பதெல்லாம் என் கையில் இருந்தது. அந்தத் திமிரோடுதான் தாம்பரத்தில் அந்தச் சின்ன கேம் கம்பெனியில் கதை எழுதும் வேலைக்குப் போய் உட்கார்ந்தேன். என் வீடு இரும்புலியூரில். நடந்தே போய்விடலாம் என்பதும் வேலையை ஒப்புக்கொள்ள ஒரு காரணம்.

முதலாளி அருணுக்கு என்னைவிட வயது ரொம்பக் குறைவு. நான் எழுதிக்கொண்டு போன முதல் காட்சியைப் படித்துவிட்டு மூக்கைச் சொறிந்தார்.

"நல்லா இருக்கு மேடம். ஆனா மாலதி இங்க அழறாங்கன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். மனசு உடைஞ்சு போயிருக்கா இல்ல?"

"மாலதி கேமோட ஹீரோயின் மேடம். அவங்களை நடத்தறது விளையாடற பிளேயர். அவங்க அழாம கிச்சனுக்குப் போய் டப்பா டப்பாவாத் திறந்து டார்ச்சுக்குப் பேட்டரி தேடிட்டு இருந்தா என்ன பண்ணுவீங்க?"

வீட்டுக்கு வந்து கோபத்தில் சாப்பிடாமல் படுத்தேன். மறுநாள் அருண் எனக்கு ஒரு பழைய ஹாரர் கேமைப் போட்டுக் கொடுத்து, "விளையாடுங்க, அப்புறம் எழுதுங்க" என்றார். அரை மணி நேரத்தில் புரிந்தது. பேய் வரும்போது அவ்வளவு பயமில்லை. டார்ச்சில் பேட்டரி தீரப்போகிறது, இன்னும் ஒரு ரூம் பாக்கி இருக்கிறது என்னும்போதுதான் அடுத்த கதவைத் திறக்கவே பயமாக இருந்தது. கையில் இருப்பது கொஞ்சம், அதை எதற்குச் செலவு செய்வது என்று நாமே முடிவு செய்ய வேண்டும். தப்பிப் பிழைப்பதே ஆட்டமான சர்வைவல் ஹாரர் என்பது இவ்வளவுதான்.

2. ஃபிரிட்ஜுக்குப் பூட்டு

எங்கள் கேமின் கதை இது. ஆற்றோரத் தெரு ஒன்றில் வெள்ளம். தண்ணீருக்குள் ஏதோ ஒன்று இருக்கிறது, சத்தம் கேட்டால் வரும். மாலதிக்கு உதவிக்கு யாரும் இல்லை. மாடியில் அவளுடைய மாமனார் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். தெரு முனையில் ஒரு படகு கட்டியிருக்கிறது.

அந்தத் தெருவைக் கம்ப்யூட்டரில் கட்டியவன் புரோகிராமர் தினேஷ். ஆற்றங்கரையில் வெள்ளம் பார்த்து வளர்ந்த அனகாபுத்தூர்க்காரன். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வீட்டுக்குள் ஏறும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாமனாரை நான் எழுதினேன். அவர் பூதம் பிசாசு இல்லை. மருமகள் எடுத்துத் தின்றுவிடுவாள் என்று நடமாடிய காலத்திலேயே ஃபிரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறவர். அவளுக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தபோது "ஒரு வேலையும் உருப்படியா வராது" என்று சொன்னவர். இதையெல்லாம் பிளேயர் வீட்டைத் துழாவும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொள்வார். கடைசியில் ஸ்கிரீனில் இரண்டு பட்டன் வரும்: தூக்கிக்கொண்டு போ, விட்டுவிட்டுப் போ. தூக்கினால் அவர் முனகுவார், தண்ணீரில் இருப்பதற்குக் கேட்டுவிடும். விட்டால் மாலதி தப்பிக்கலாம். அந்த ஒரு இடத்துக்காகத்தான் முழுக் கதையையும் எழுதியிருந்தேன்.

3. பின்னால் நின்றவர்கள்

ஆபீஸ் ஹாலில் பெரிய டிவியில், ஆட்களை விளையாடவிட்டுப் பார்க்கும் பிளேடெஸ்ட் வைத்தோம். வந்து விளையாடிய அத்தனை பேரும் மாமனாரைத் தூக்கினார்கள்.

"விட்டுட்டுப் போற பிராஞ்ச்ச, அந்தக் கிளைக் கதைய, கட் பண்ணிடலாம் அக்கா," என்றார் அருண். அதற்குள் நான் மேடத்திலிருந்து அக்கா ஆகியிருந்தேன். "யாருமே போகாத ரூட்டுக்கு எதுக்கு அனிமேஷன் செலவு? பப்ளிஷருக்கு டெமோ வேற அனுப்பணும்."

"அதை வெட்டினா தூக்கறதுக்கும் மதிப்பு இல்ல அருண். வேற வழியில்லாம தூக்கறவளா ஆயிடுவா. அதுக்கு நான் சீரியலுக்கே திரும்பப் போயிடறேன்."

வாய்ச்சவடால்தான். சீரியலில் எனக்கு இடம் காலியாக ஒன்றும் இல்லை. இருந்தாலும் அந்த பிராஞ்ச் போனால் இந்த வேலையில் எனக்கு மனசு ஒட்டாது என்று தெரிந்தது. ஒருவராவது அந்த வழியில் போகிறார் என்று காட்ட, அருண் வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கொடுத்தார்.

டீ குடிக்கும்போது தினேஷைக் கேட்டேன். "நீயும் ஏன்டா தூக்கின? உன் விரல் முதல்ல விட்டுட்டுப் போற பட்டன் பக்கம்தானே போச்சு?"

"இன்னாக்கா பண்றது? எல்லாரும் பின்னாடி நின்னுகினு இருந்தீங்க. பெரியவர வுட்டுட்டா போறேன்னு ஒருத்தர் கேட்டாரு. வூட்ல தனியா ஆடியிருந்தா அந்த ஆள அப்பவே வுட்டுட்டு எஸ்கேப் ஆயிருப்பேன்."

அடடா என்றிருந்தது. நம் ஊரில் ஒருவர் டிவி முன்னால் உட்கார்ந்தால் பின்னால் நான்கு பேர் நிற்பார்கள். நாலு பேர் பார்க்க யார் கிழவரைக் கைவிடுவார்கள்? தவிர, இரண்டு பட்டனைக் காட்டிக் கேட்டால் அது பரீட்சை. சரியான விடையைத்தான் எழுதுவார்கள்.

பட்டன்களை எடுக்கச் சொன்னேன். எதுவும் கேட்கக் கூடாது. கட்டிலுக்குப் பக்கத்தில் போய் அவரைத் தூக்கலாம், அல்லது பேசாமல் படியிறங்கலாம். அவ்வளவுதான்.

4. கல்பனா

மாற்றிச் செய்த கேமை, எங்கள் பாஷையில் புது பில்டை, விளையாட, கேமே ஆடாத ஒருவர் வேண்டியிருந்தது. எங்கள் கணக்கு வழக்கு, சம்பளம் எல்லாம் பார்க்கும் கல்பனா, "நான் டிரை பண்ணட்டுமா அக்கா?" என்றார். பொழிச்சலூரிலிருந்து வருகிறவர். தன் மாமனாரைப் பல வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தவர் என்று ஆபீஸில் எல்லோருக்கும் அவர்மேல் மரியாதை. மாமனார் போன வருடம்தான் காலமானார். இவர் கண்டிப்பாகத் தூக்கிவிடுவார், என் பிராஞ்ச்சுக்கு ஆயுசு முடிந்தது என்று நினைத்தேன்.

தினேஷ் கன்ட்ரோலரைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தான். ஸ்கிரீன் ரெக்கார்ட் ஆகும், விளையாடும்போது யாரும் பார்க்க மாட்டோம் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு வந்தோம். மத்தியானம் அருண், தினேஷ், நான் மூன்று பேரும் ரெக்கார்டிங்கைப் பார்த்தோம்.

ஸ்கிரீனில் கல்பனா, மாலதியின் மாமனார் அறைக்குள் போனார். கொஞ்ச நேரம் நின்றார். தூக்கவில்லை. கையிலிருந்த ஒரே டார்ச்சைக் கட்டிலுக்குப் பக்கத்தில் எரியவிட்டு வைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் படியிறங்கினார்.

பாதிப் படியில் தண்ணீரில் இருந்த அது அவரை இழுத்துக்கொண்டது. செத்தால் மறுபடி தொடங்கும் சேவ் பாயிண்ட் மாடியில். மறுபடி டார்ச்சோடு தொடங்கினார். மறுபடி உள்ளே போய் டார்ச்சை வைத்தார். மறுபடி செத்தார்.

"டார்ச்ச எடுத்துகினு போக்கா," என்று தினேஷ் ஸ்கிரீனைப் பார்த்துக் கெஞ்சினான்.

ஒவ்வொரு தடவையும் வைத்தார். கடைசியில் சுவரை ஒட்டி, சத்தம் காட்டாமல் படகுவரை போய்ச் சேர்ந்தார். அதை நான் எழுதவில்லை, தினேஷ் செய்யவில்லை. எந்தப் பொருளையும் எங்கேயும் கீழே வைக்கலாம் என்று மட்டும் விட்டிருந்தோம்.

கல்பனாவைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டேன்.

"நிஜத்துல தூக்கியாச்சு அக்கா. இங்கயும் நானேதான் தூக்கணுமா?" என்றார். கிளம்பப் போனவர் திரும்பி, "ஆனா இருட்டுல விட்டுட்டு வர மனசு வரல," என்றார்.

தினேஷ் மெதுவாக, "இது புரோகிராம்ல தப்பு, பக்னு சொல்லி மூடிடலாமா சார்? டார்ச்ச கீழ வெக்க முடியாத மாதிரி?" என்று கேட்டான்.

"கைய வச்ச, தொலைச்சிடுவேன்," என்றார் அருண். "பிராஞ்ச் இருக்கட்டும் அக்கா. இதுக்கு ஒரு முடிவு எழுதுங்க."

5. ஜன்னல்

சந்தோஷத்தில் பக்கம் பக்கமாக எழுதினேன். டார்ச் வெளிச்சத்தில் மாமனார் மன்னிப்புக் கேட்கிறார், ஃபிரிட்ஜ் சாவியை நெஞ்சோடு அணைத்துக் குமுறுகிறார். அருண் படித்துவிட்டு, "இது சீரியல், அக்கா," என்று மட்டும் சொன்னார். ரோஷம் வந்தது. ஆனாலும் அவர் சொன்னது சரி. எல்லாவற்றையும் அடித்து நீக்கினேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பிளேயருக்கு நல்லது கெட்டது என்று இரண்டு கதவு காட்டாதீர்கள். கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள். அவர்கள் வாழ்க்கையில் பட்டது எல்லாம் அந்தப் பொருளில் வந்து இறங்கும். அதைப் பார்த்துவிட்டோம் என்று மட்டும் கேம் சொன்னால் போதும்.

முடித்த பில்டைக் கல்பனா மறுபடி விளையாடினார். இந்தத் தடவை என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். டார்ச்சை வைத்தார், இருட்டில் இறங்கினார், படகில் ஏறினார். ஏறியதும் திரும்பிப் பார்த்தார். தெரு முழுக்க இருட்டு. மாடி ஜன்னலில் மட்டும் அவர் வைத்த டார்ச்சின் வெளிச்சம் இருந்தது. நான் எழுதிய முடிவு அவ்வளவுதான்.

கல்பனா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி அக்கா," என்றார். "இப்ப போலாம்."

படகைத் தள்ளினார்.