அட்டையில் நீளக் கவுன் போட்ட பெண்

1. ஒரு புகார்

மலாக்கா டவுனில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சபை மூப்பர் ஒருவர் பின்சுவர் அலமாரியைப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டார். பைபிள் விற்கிற கடையில் காதல் கதைக்கு என்ன வேலை என்று கேட்டார்.

அதில் இருந்தவை ஆங்கிலக் கிறிஸ்தவ நாவல்கள். பழைய காலத்து அமெரிக்கப் பண்ணைகளில் நடக்கும் காதல் கதைகள். அட்டையில் பெரும்பாலும் நீளக் கவுன் போட்ட ஒரு பெண் கோதுமை வயலில் நிற்பாள். 'ஹிஸ்டாரிக்கல் ரொமான்ஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்போம்.

மேனேஜர் தேவராஜ் பிரதர் என்னைக் கூப்பிட்டார். "ஸ்டெல்லா சிஸ்டர், நீங்களே படிச்சுப் பாருங்க. நம்ம வீட்டுப் பொம்பளப் பிள்ளைங்க கையில குடுக்க முடியாதுன்னா, எல்லாத்தையும் சப்ளையருக்கே திருப்பி அனுப்பிடலாம் லா," என்றார்.

ஸ்டோர் ரூமில் சாப்பாட்டு நேரத்திலும், வீடு இருந்த தங்கா பத்துவுக்குத் திரும்பும் பஸ்ஸிலும் படித்தேன். முதல் நாவலில் ஒரு விதவை. அறுவடைக்கு ஆள் இல்லை. உதவிக்கு வந்தவன் முக்கால் புத்தகம் வரை அவள் கையைக்கூடத் தொடவில்லை. விறகு வெட்டிப் போட்டான், கூரையை அடைத்தான், செத்துப்போன கணவனின் கல்லறையைச் சுற்றிப் புல் செதுக்கினான். அந்த இடத்தில் பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன்.

மறைக்க வேண்டியது ஒன்றுமில்லை என்று பிரதரிடம் சொன்னேன். அவர் மூப்பரிடம் பொறுமையாகப் பேசினார். அலமாரி தப்பியது.

2. மகேஸ்வரி

மகேஸ்வரி இந்துப் பெண். ஆயர் குரோவில் ஒரு ஃபேக்டரியில் பொருள்களின் தரம் பார்க்கும் கியூசி வேலை. கணவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தபின், மகளோடு சுங்கை ரம்பாயில் அண்ணன் வீட்டில் இருந்தாள். சூப்பர்வைசருக்குக் கிறிஸ்துமஸ் கார்டு வாங்க வந்தவள், அந்த அட்டைகளைப் பார்த்து நின்றுவிட்டாள். ஆங்கிலத்தைத் தடவித் தடவித்தான் படிப்பாள். ஆனாலும் ஷிஃப்ட் இல்லாத சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினாள்.

கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பாள். முடிவு நல்லதாக இருந்தால்தான் எடுப்பாள். இதில் அப்படி என்ன பிடித்திருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"இதுல வர்ற பொம்பள, சாமிகிட்ட சண்ட போடுறாக்கா. ஏன் என் புருசன எடுத்துக்கிட்டேன்னு கேக்குறா. சாமியும் கோச்சுக்கல. எங்க வீட்டுல நான் அப்படிக் கேட்டா வாய மூடுன்னுவாங்க," என்றாள்.

அவளைச் சபைக்குக் கூட்டி வரச் சொல்லிச் சிலர் என்னிடம் சொன்னார்கள். நான் கூப்பிடவில்லை. அவள் கதை தேடி வந்தாள். கதை கொடுப்பதுதான் என் வேலை.

3. ஒரு கேள்வி

ஒரு சனிக்கிழமை அவள் அலமாரிப் பக்கமே போகாமல் கவுண்டர் அருகே ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் குணா அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். அவளுக்கும் விருப்பம் உண்டு. ஆனால் அண்ணன் ஊர் சிரிக்கும் என்று சொல்லிவிட்டார். அவளுக்கே பயம் வேறு.

"அக்கா, அந்தக் கதைல வர்ற மாதிரி ஆம்பளைங்க நெசமாவே இருக்காங்களா, இல்ல புத்தகத்துல மட்டும்தானா?"

எனக்குத் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். கல்யாணமே செய்யாதவள் நான். ஆனால் படித்த கதைகளை நினைத்து ஒன்று மட்டும் கேட்டேன்.

"அவர்கிட்ட பேசுறப்ப, செத்துப்போன உன் வீட்டுக்காரரைப் பத்திப் பேச முடியுதாம்மா?"

"முடியுதுக்கா. அவரே கேப்பாரு, உன் வீட்டுக்காரரு எப்படி இருப்பாரு, பாப்பாவ எங்கெல்லாம் கூட்டிட்டுப் போவாருன்னு," என்றாள். சொல்லும்போதே அவள் முகம் தெளிந்தது.

அண்ணன் சம்மதிக்காமல் நடக்காது என்று அவளும் குணாவும் முடிவு செய்தார்கள். குணா அவள் வீட்டுக்குப் போய் அண்ணனிடம் கேட்டார். மாட்டேன் என்றதும் வணக்கம் சொல்லித் திரும்பினார். சில மாதம் கழித்து மறுபடி போனார். இப்படிப் பல தடவை. கடைசியில் அண்ணியே புருஷனிடம் கேட்டுவிட்டாளாம்: "மரியாதையா வாசல்ல வந்து நிக்கிற மனுசன எத்தன தடவதான் திருப்பி அனுப்புவீங்க?"

சுங்கை ரம்பாய்க் கோயிலில் கல்யாணம். நானும் தேவராஜ் பிரதரும் காலையிலேயே அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டோம். கோயிலுக்குக் கிளம்பும் முன் குணா பட்டு வேட்டியோடு உள்ளே வந்தார். சுவரில் இருந்த மகேஸின் முதல் கணவர் படத்துக்கு மாலை போட்டு, கை கூப்பிச் சற்று நேரம் நின்றார். பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். வாசலில் நின்ற அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். புத்தகக் கடை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். யார் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முகம் சுளிக்காதீர்கள். நல்ல முடிவு உள்ள கதையைத் தேடி வருகிறவர் பெரும்பாலும் வீட்டில் கஷ்டத்தை வைத்துவிட்டுத்தான் வருகிறார். அந்த அலமாரியின் பக்கத்தில் என்னை நிற்க வைத்த கடவுளுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.