அணைத்துப் போட்டாலும் ஓட வேண்டும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்கு, பில் போடும் புரோகிராம் எழுதினோம், நானும் என் சேத்தூர்த் தோழியும். எங்களுக்கு அதுதான் முதல் கடை. அது கைகூடாவிட்டால் சென்னையில் வேலைக்குப் போய்விடுவதாக அம்மாவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். சென்னை! எனக்கு அந்தப் பேச்சே ஆகாது.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு நெட் என்பது என் போன் டேட்டாதான். பிரிண்டரோடு பேசுகிற ரெடிமேட் நிரல் தொகுப்பை, அந்தப் பேக்கேஜை, ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனியாக இறக்க மனசு வருமா? கூட்டுக் குடும்பத்துப் புத்தி, எல்லாவற்றுக்கும் பொதுவாக, குளோபலாக ஒரே தடவை இறக்கி வைத்தேன். ஆனால் எங்கள் புரோகிராமை ஓட்டுகிற இந்த நோட் (Node) இருக்கிறதே, மகா வீம்பு பிடித்தது. புரோகிராம் கேட்டால் அதன் ஃபோல்டர் பக்கம்தான் தேடும். பொதுவில் கிடப்பதைத் திரும்பியும் பார்க்காது. அதனால் பொது இடத்துக்கு வழி சொல்லி, கட்டளை அடிக்கிற டெர்மினலில் ஒரு வரி அடித்திருந்தேன். அதற்குப் பிறகு லேப்டாப்பை அணைக்கவே இல்லை. அந்த வரியும் மறந்தே போயிற்று.

கிளம்பும்போது, பஸ்ஸில் சூடாகிவிடும் என்று தோழி லேப்டாப்பை ஒழுங்காக அணைத்துப் பையில் வைத்தாள்.

கடையில் திறந்து ஓட்டினால், மாட்யூலை, அதாவது அந்தப் பேக்கேஜை, காணோம் என்கிறது! கடைக்கார அண்ணாச்சி பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

"ஏட்டி, வீட்ல ஓடுச்சுல்லா?" என்று தோழி என் காதைக் கடித்தாள்.

அப்போதுதான் பொறி தட்டியது: லேப்டாப்பை அணைத்ததில் அந்த வரி அழிந்துபோயிருக்கிறது. அந்த வரியை மறுபடி அடித்தேன். பிரிண்டர் கிர்ரென்று துப்பியது: பால்கோவா, கால் கிலோ. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நல்லாத்தான் இருக்கு தாயி," என்றார் அண்ணாச்சி. "கடை அடைக்கையில மெயினை அணைச்சிருவோம். செத்த அணைச்சுப் போடுங்க, பாப்போம்."

போச்சு! அணைத்தால் அந்த வரியும் சேர்ந்து போய்விடுமே.

"ஒரு நிமிசம் அண்ணாச்சி!" என்று ஃபோல்டருக்குள் போய் 'என்பிஎம் லிங்க்' கட்டளையை அடித்து, பொதுவில் கிடந்த பேக்கேஜை அந்த ஃபோல்டரோடு நிரந்தரமாகக் கோத்துவிட்டேன். அதற்கு நெட்கூட வேண்டியிருக்கவில்லை. பிறகு அணைத்தேன். தோழி கண்ணை மூடி மாதாவைக் கூப்பிட்டாள். போட்டேன்.

கிர்ர்ர். பால்கோவா, கால் கிலோ!

"நாளைக்கே வந்து கடை மெசின்ல ஏத்திருங்க," என்றார் அண்ணாச்சி.

வெளியே வந்து நாங்கள் போட்ட ஆட்டத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். சிரிப்பில் பேச்சே வரவில்லை.

"ஏட்டி, அழுதியா? ஓடலையா?"

"ஓடுதும்மா! அணைச்சுப் போட்டாலும் ஓடுது! சென்னைக்குப் பெட்டி கட்டாத!"



"நான் பெட்டியைப் பரண்லேருந்து எறக்கவே இல்லட்டி," என்றாள் அம்மா.