மொட்டை வண்டியை விற்ற ஹனீப் பாய்

பெட்ரோல் போட்டு முடிந்ததும் ஹனீப் பாய் குழாய் நுனியில் தொங்கும் கடைசிச் சொட்டை விரலில் ஏந்தி, கண்ணை மூடி முகர்வார். பிறகு பங்க் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். "மண்ணெண்ணெய் வாடை வருதே சாமி?" அந்த ஆள் பத்து வருடமாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார். பாய் பத்து வருடமாக அதை நம்பாமல், அங்கேயேதான் பெட்ரோலும் போடுகிறார்.

ராசிபுரத்தில் அவருக்கு நெய் வியாபாரம். யாரையும் நம்பாததுதான் அதற்கு மூலதனம். சந்தையன்று சுற்றுப்பட்டுப் பெண்கள் போசியில் நெய் கொண்டுவந்தால், ஒரு துளியைப் புறங்கையில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோவார். "இது புண்ணாக்குத் தின்ன எருமை." "உருக்கறப்ப நீ பக்கத்தூட்டுல பேசிக்கிட்டு இருந்திருக்கற, அடி புடிச்சிருச்சு." "ஆத்தா, வனஸ்பதி ஒரு கரண்டியா ரெண்டு கரண்டியா, அதை மட்டும் சொல்லு." மாட்டிக்கொண்டவள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவாள். சேலம் அம்மாபேட்டைக் கடைக்காரர்கள் அவருடைய டின்னைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். பாய் மூக்கு பார்த்துவிட்டது என்றால் போதும்.

அந்த மூக்குக்கேற்ற காரைத்தான் முதலில் வைத்திருந்தார். சேலத்தை விட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார மானேஜரிடம் வாங்கிய சிவப்புச் சீமைக் கார். இரண்டே சீட்டு. கூரை கிடையாது. உட்கார்ந்தபடி கையை நீட்டினால் தார் ரோட்டைத் தொடலாம். ஊர் அதற்கு மொட்டை வண்டி என்று பெயர் வைத்திருந்தது. தலையில் கைக்குட்டையை இறுக்கிக் கட்டி, பக்கத்து சீட்டில் நெய் டின்னைக் கயிற்றால் கட்டி உட்கார வைத்து, நாமக்கல் பஸ்ஸைச் சர்ரென்று முந்திப் போவார். பிரேக் சூடானாலும் ஆயில் கசிந்தாலும் முதலில் தெரிவது அவர் மூக்குக்குத்தான். "சத்தம் பொய் சொல்லுமுங்க. வாடை சொல்லாது" என்பார்.

எண்பத்தைந்தாம் வருடத் தை மாசத்தில் அந்த வண்டி கவிழ்ந்தது. சோளக் கதிரை ரோட்டில் பரப்பி, போகிற வருகிற வண்டிகளை ஏறவிட்டு மணி உதிர்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். களமும் மிச்சம், மாடும் மிச்சம். பஸ்ஸும் லாரியும் அதன்மேல் ஏறிப் போய்விடும். மொட்டை வண்டிக்கு அந்த உயரம் இல்லை. கதிரில் வழுக்கி வாய்க்காலில் இறங்கிவிட்டது. பாய்க்கு நெற்றியில் ஏழு தையல். இரண்டு மாதத்தில் வண்டியை ஏற்காட்டு எஸ்டேட்காரர் ஒருவருக்குத் தள்ளிவிட்டு, வெள்ளை மாருதியில் வந்து இறங்கினார்.

பாய் பயந்துவிட்டார் என்றது ஊர். எனக்கு அந்தக் கணக்கு இடித்தது. பயந்தவன் மாட்டுவண்டி வாங்குவான். பாய் வாங்கியதோ பழையதைவிட வேகமாக ஓடுவது. அந்தக் குட்டிக் கார் மேட்டில் அம்பாசிடர்களை நிற்க வைத்துவிட்டுப் போயிற்று. இன்னொன்றும் இடித்தது. முப்பது வருடமாகச் சந்தையை எட்டிப் பார்க்காத அவருடைய மனைவி ஜஹானாரா இப்போது வாராவாரம் பின்சீட்டில் வந்தார். கண்ணாடி இரண்டு விரல் மட்டும் இறங்கியிருக்கும்.

பாய்க்கோ வண்டிமேலேயே சந்தேகம்.

"புது வண்டி எப்படிங்க பாய்?" என்று கேட்டார் டீக்கடைச் சின்னண்ணன்.

"வண்டியா அது? பூனை. ஓடுதா நின்னுருச்சான்னே தெரியல. என்னத்தையோ மறைக்குது."

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கே மறுபடி சாவியைத் திருகுவார். அது கர்ரென்று கத்தும். அப்போதுதான் அவர் முகம் தெளியும்.

நான் இன்னொன்றையும் கவனித்து வைத்திருந்தேன். முன்பெல்லாம் பெட்ரோலை முகர்ந்தால் பாய்க்குத் தும்மல் வரும். பங்க்கில் அதை வைத்து நானும் என் கூட்டாளி மயில்சாமியும் பந்தயம் கட்டுவோம். மாருதி வந்த பிறகு ஒரு தும்மல்கூட இல்லை. எனக்கும் மயில்சாமிக்கும் ஆளுக்கு எட்டு வருடப் படிப்புதான் என்றாலும், இதைச் சோதிக்க அது போதும். ஜஹானாரா அக்கா பிரசவம் பார்க்க ஆத்தூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த வாரம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், மாருதியின் பின்கதவைத் தூக்கி ஸ்டெப்னிக்கு அடியில் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு வைத்தோம். வெள்ளிக்கிழமை காலையில் தெருமுனை தாண்டுவதற்குள் பாய் வண்டியை விட்டுக் குதிப்பார் என்பது ஏற்பாடு.

அவர் குதிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சேலம் போய்த் திரும்பி வந்தார். வரும் வழியில் மல்லூரில் சின்னண்ணனை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். குதித்தது சின்னண்ணன்தான். டீக்கடை வாசலில் கதவைத் திறந்துகொண்டு விழாத குறையாக இறங்கி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏனுங்க பாய், உள்ளுக்குள்ள என்ன பொணத்தையா வெச்சிருக்கறீங்க?"

பாய் அரை நொடி விழித்தார். அரை நொடிதான். "உன்ற வேட்டியத் தொவச்சுப் போடு சாமி. எனக்கும்தான் மல்லூர்லருந்து தாங்கல" என்றார். கடையே சிரித்தது. மயில்சாமி என் முதுகில் குத்தினான்.

பள்ளிவாசல் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தியவர், கதவு அத்தனையையும் திறந்து போட்டார். சீட்டில் மூக்கை வைத்தார். மிதியடியை எடுத்து முகர்ந்தார். பின்பக்கம் போய், பொட்டலத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. நிமிர்ந்தவர் இரண்டு கையாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, தொலைத்த பொருள் அதற்குள் இருப்பது போல அப்படியே நின்றார். நெற்றித் தழும்புக்குக் கீழே கண் ஈரமாக இருந்தது. தொழுகைக்கு அவர் உள்ளே போனதும், மயில்சாமி எவ்வளவோ கேட்டும் காரணம் சொல்லாமல், நான் பொட்டலத்தை எடுத்துச் சாக்கடையில் எறிந்தேன்.

அடுத்த சந்தைக்கும் ஜஹானாரா அக்கா வரவில்லை. பாய் ஒவ்வொரு போசியாக முகர்ந்தார். தலையை ஆட்டினார், உதட்டைப் பிதுக்கினார். எல்லாம் குருட்டாம்போக்கு. மல்லசமுத்திரத்துக் குப்பாயி கொண்டுவந்த நெய்யை, "வனஸ்பதி, எடுத்துட்டுப் போம்மா" என்று தள்ளிவிட்டார். குப்பாயி இருபது வருடமாக அவருக்கு நெய் ஊற்றுகிறவர். போசியைத் தூக்கிக்கொண்டு போனார். பஸ்ஸில் மற்றப் பெண்கள் அவரிடமிருந்து தள்ளி உட்கார்ந்தார்கள் என்று மறுநாள் காதில் விழுந்தது.

அதற்கடுத்த சந்தைக்கு அக்கா திரும்பியிருந்தார். மாருதி வழக்கமான இடத்தில் நின்றது. பாய் நெய்யைப் புறங்கையில் இட்டு, "வெளிச்சத்துல பாக்கோணும்" என்று கார்ப் பக்கம் போய், கண்ணாடி இடுக்கில் கையைக் காட்டிவிட்டுத் திரும்பித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே வளையல் ஒருமுறை குலுங்கினால் நல்ல நெய், இரண்டுமுறை என்றால் தள்ளுபடி. கூட்டத்தில் அது எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்திருந்தேன். குப்பாயி குறுக்கே வந்து நின்றார்.

"இங்கயே மோந்து சொல்லுங்க பாய். அங்க என்னத்துக்குங்க போறீங்க? கார்க்கண்ணாடி என்ன சோசியம் சொல்லுதா?"

"வெளிச்சம் பத்தலைம்மா."

"உச்சி வெயிலுங்க. இன்னும் எத்தனை வெளிச்சம் வேணும்? போன வாரம் என்ற நெய்யக் கலப்படம்னு சொல்லிப்போட்டீங்க. என்ற மருமவகூட என்னைய ஒரு மாதிரி பாக்கறா. இன்னைக்கும் அதே பால், அதே அடுப்பு. சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

இருபது போசிகள் வரிசையில் காத்திருந்தன. பாய் கையை மூக்குக்குக் கொண்டுபோனார். நல்ல நெய் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். மோசமென்றால் குப்பாயியின் கதை முடிந்தது. மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, கையை இறக்கினார். குப்பாயியின் கையிலிருந்து போசியை வாங்கிக்கொண்டு காருக்கு நடந்தார். குப்பாயி விடவில்லை, பின்னாலேயே போனார். அவர் பின்னால் கூட்டமும் போயிற்று.

"ஜஹானு, கண்ணாடியை இறக்கு" என்றார் பாய். போசியை அப்படியே உள்ளே நீட்டினார். "நீயே சொல்லு. சத்தமா."

கண்ணாடி கிறீச்சிட்டு முழுசாக இறங்கியது. ஜஹானாரா அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு சொட்டைத் தேய்த்து முகர்ந்தார்.

"வெண்ணெய் பத்து நாள் பழசுங்க. முருங்கக்கீரை போட்டு உருக்குனீங்களா?"

"ஆமாங்க" என்றார் குப்பாயி, தன்னை அறியாமல்.

"கலப்படம் ஒண்ணுமில்ல. தங்கமாட்ட இருக்குது."

"அப்ப போன வாரம்?"

"போன வாரம் நான் ஊர்ல இல்லீங்க" என்றார் அக்கா. குப்பாயி பாயின் நெற்றித் தழும்பைப் பார்த்தார். அப்புறம் பின்சீட்டைப் பார்த்தார். போசியை அக்காவிடமே விட்டுவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்.

வரிசையில் அடுத்து நின்ற பெண் தன் போசியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பாயைத் தாண்டி நேராகப் பின்சீட்டு ஜன்னலுக்குப் போனாள். பாய் காரைச் சுற்றி வந்து, மறுபக்கத்துப் பின்கதவைத் திறந்து, காற்று வரட்டும் என்று அந்தக் கண்ணாடியையும் கடைசிவரை சுற்றி இறக்கினார்.