பங்கருக்குள் எனக்கொரு பொந்து

ஓட்டிசம் இருக்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். யன்னலுக்கு வெளியே குழாய் பதிக்கக் கிடங்கு வெட்டினார்கள், ஈரமண் மணத்தது. "சின்ன வயதிலை ஆக்கள் முட்டினால் உங்களுக்கு எப்பிடி இருக்கும்?" என்று டொக்டர் கேட்டா.

அந்த மணம் என்னைச் சண்டைக் காலத்துக்கு, அக்கராயன் ஊரில் எங்கள் வீட்டு வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள், அந்தப் பதுங்குகுழிக்குள் இறக்கிவிட்டது. குண்டு போட விமானம் வந்தால் அயல் சனமும் அதற்குள்தான் நெருங்கி இருக்கும். வேர்வைத் தோள் ஒன்று பட்டாலே எனக்கு உடம்பு எரியும். ஒருநாள் குண்டு விழும்போதே வெளியே ஓடிவிட்டேன். அம்மா பின்னால் ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போனா.

"ஏனடா ஓடினாய்?"

"ஆக்கள் முட்டினம், அம்மா."

அம்மா அடிக்கவில்லை. அடுத்த நாள் பங்கர்ச் சுவரில் நான் மட்டும் குந்தக்கூடிய ஒரு பொந்தை வெட்டத் தொடங்கினா.

"என்னக்கா, மகனுக்குத் தனி அறையோ?" என்று பக்கத்து வீட்டு மாமி சிரித்தா.

"ஓம், அவருக்குச் சீதனம் குடுக்கிறன்" என்றா அம்மா, மண்வெட்டியை நிறுத்தாமல்.

அதற்குப் பிறகு நான் ஒருநாளும் வெளியே ஓடவில்லை.

இதையெல்லாம் டொக்டருக்குச் சொல்லி முடிக்க எனக்குக் கனநேரம் எடுத்தது.

மற்றக் கேள்விகளையும் கேட்டு முடித்த பிறகு, "உங்களுக்கு ஓட்டிசம்தான்" என்றா அவ. "அம்மாவுக்கு இது தெரிஞ்சிருக்குமோ?"

"பேர் தெரியாது, டொக்டர். எனக்கு எவ்வளவு இடம் வேணுமெண்டு தெரியும்."