பலகையில் பூத்த கறுப்பு

சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டு மாடி முகப்பில் வேங்கைப் பலகையால் போட்ட திறந்த தளம் ஒன்று உண்டு. வருகிறவர்கள் இன்றைக்கும் அதைத் தடவிப் பார்த்து, இத்தனை மழைக்கும் ஒரு கறை இல்லையே என்று மெச்சுகிறார்கள். எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

அதைப் போட்டவர் அப்பாவைப் பெற்ற அப்பாரு. போட்ட கையோடு, ஐப்பசி மழையில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் வைத்தார். பெண் மோகனூர். மருமகள் வீடு புகுமுன் தரைக்குச் சாணி போடுவது எங்கள் வழக்கம். மண் தரைக்கு அது சரி. அப்பாரு மாடிப் பலகைக்கும் குடம் குடமாகச் சாணித் தண்ணீர் விட்டுத் தேய்க்கச் சொன்னார். நல்ல நேரம் தப்பிவிடும் என்று, அந்த ஈரம் காயும் முன்பே காவி குழைத்த ஆளிவிதை எண்ணெயையும் மேலே பூச வைத்தார். சம்பந்தி வீட்டார் கண்ணுக்குப் பலகை பளபளக்க வேண்டுமாம். பளபளத்தது. தை பிறப்பதற்குள் தளம் முழுக்கக் கறுப்பு திட்டுத் திட்டாகப் பூத்துவிட்டது. கால் வைத்தால் பிசுபிசுத்தது. பூசண வாடை கீழே கூடம்வரை இறங்கியது.

"எல்லாம் மருமக கால் வெச்ச நேரம்" என்றார் அப்பாரு. வீட்டுக் குழந்தைகளான எங்களைக்கூடச் சின்னம்மா பக்கம் போகவிடவில்லை. அவள் பயந்தாலும் சொல்லவேண்டியதைச் சொன்னாள்.

"ஈரத்த உள்ள வெச்சு மேல எண்ணெய் பூசீட்டமுங்க மாமா. அதான் பூசணம் புடிச்சிருக்குது. எங்க ஆத்தோரத்து ஊட்டுலயும் இப்படி ஆயிருக்குதுங்க. தேச்சுக் கழுவி, நல்லா வெயில்ல காயவிட்டு, அப்பறம் லேசாப் பூசுனாப் போயிருமுங்க."

"எனக்கே புத்தி சொல்ல வந்துட்டயா?"

அந்த வாரமே அவளைப் பிறந்த வீட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். வண்டியில் மாட்டைப் பூட்டிக் கொடுத்தவர் சித்தப்பா. வாயைத் திறக்கவில்லை.

பங்குனி வெயிலில் அதே சித்தப்பா தன் கையாலேயே பலகையைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தார். பலகை முறுக்காகக் காயும்வரை எண்ணெயைத் தொடவில்லை. பிறகு துணியில் ஒற்றி மெல்லப் பூசினார். எல்லாம் சின்னம்மா சொன்னபடி. அடுத்த மழைக்காலத்திலும் கறுப்பு வரவில்லை. "அவ போனதும் கறுப்பும் போச்சு, பாத்தீங்களா?" என்று அப்பாரு ஊரையே கூட்டி வைத்துச் சொன்னார். அவள் சொன்ன வைத்தியமே அவளுக்கு எதிரான சாட்சியாயிற்று. அப்பாருவாவது அதை நிஜமென்று நம்பிப் பேசினார். எல்லாம் அறிந்த சித்தப்பா பக்கத்திலேயே நின்றார், அப்போதும் ஊமையாக. அந்த மனிதரை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அப்பாரு காலமான பிறகுதான் சித்தப்பாவுக்குத் தைரியம் வந்தது. வண்டி கட்டிக்கொண்டு மோகனூர் போனார், தனியாகத் திரும்பினார். அங்கே நடந்ததைப் பின்னாளில் சின்னம்மாவே எனக்குச் சொன்னாள். "உம்மேல தப்பில்லைன்னு எனக்கு அப்பவே தெரியும் சாமி, வா போலாம்" என்று வாசலில் நின்று கெஞ்சினாராம்.

இவள் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொல்லியிருக்கிறாள்:

"அது எனக்குத் தெரியாதுங்களா? தெரியாதவங்ககிட்டச் சொல்லியிருக்கோணுமுங்க."